கடல் தாண்டப் போகும் கேட்டமரான்: வாங்குவதற்கு முன் புரிந்துகொள்ள வேண்டியவை

இரட்டை உடல் பாய்மரப் படகுக்கு உலகம் முழுக்க வழங்கும் பெயர் கேட்டமரான். அது நம் கட்டுமரம்தான் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் பெயர்தான் நம்முடையது, வடிவம் வேறொரு கடலிலிருந்து வந்தது. சோழமண்டலக் கரையின் கட்டுமரம், மிதக்கும் மரங்களைப் பக்கம் பக்கமாக அடுக்கிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியது. நீளமான இரண்டு படகுகளைக் குறுக்கு விட்டங்களால் இணைத்து நடுவில் தளம் போட்டுக் கடல் கடந்தவர்கள் பசிபிக் தீவுகளின் பாலினேசிய மக்கள். 1976இல் ஹோகுலேயா என்ற அப்படிப்பட்ட படகு, மௌ பியாய்லுக் என்ற மைக்ரோனேசிய மாலுமி வழிகாட்ட, எந்தக் கருவியும் இல்லாமல் ஹவாயிலிருந்து தஹிதிக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆனாலும் கட்டுமரத்திடம் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. கரை சேர்ந்ததும் மீனவர்கள் கயிற்றை அவிழ்த்து மரங்களைப் பிரித்துக் காயவைப்பார்கள். நீர் ஊறிய மரம் கனக்கும், கனத்தால் தாழ மிதக்கும், தாழ்ந்தால் ஓட்டம் போய்விடும். பல லட்சம் யூரோ விலை போகும் இன்றைய கேட்டமரானுக்கும் இதே கதைதான். படகு வாங்க நினைக்கிறவர்கள் அறைகளின் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள், சோபாவைப் பார்க்கிறார்கள், எடையை மட்டும் கடைசியில்தான் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

ஏன் என்று புரிய, படகு எப்படி நிமிர்ந்து நிற்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஒற்றை உடல் பாய்மரப் படகின் அடியில் கீல் என்ற கனமான ஈயமோ இரும்போ தொங்கும். காற்று தள்ளினால் படகு சாயும், சாயச் சாய அடியிலிருக்கும் எடை அதை இழுத்து நிமிர்த்தும். தலையாட்டி பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஆழ்கடல் ஒற்றை உடல் படகு முழுக்கக் கவிழ்ந்தாலும் திரும்ப எழுந்துவிடும். கேட்டமரானில் இந்த ஈயம் கிடையாது. அது நிற்பது அகலத்தால். இரண்டு உடல்களையும் (இதை ஹல் என்றே எல்லோரும் சொல்கிறார்கள், நானும் அப்படியே சொல்கிறேன்) தள்ளித் தள்ளி வைத்திருப்பதால் காற்றால் அதை எளிதில் சாய்க்க முடியாது. 10 டன் எடையுள்ள படகு, இரண்டு ஹல்களின் நடுக்கோடுகளுக்கு இடையே 5.5 மீட்டர் என்று வையுங்கள். காற்றுப் பக்கத்து ஹல் நீரை விட்டு எழும்பும் தருணத்தில் படகைக் கீழே பிடித்து வைத்திருக்கும் பலம், 10 டன்னை அந்தத் தூரத்தின் பாதியால் பெருக்கினால் வருவது, அதாவது 27.5 டன்-மீட்டர். இது மிகப் பெரிய எண். ஒற்றை உடல் படகு 20 பாகை சாய்ந்து ஓடும்போது கேட்டமரானில் மேசையில் வைத்த தேநீர் அப்படியே இருப்பது இதனால்தான்.

சிக்கல் இதற்கு அடுத்த நொடியில் இருக்கிறது. ஹல் எழும்பும் நேரத்தில் படகு சாய்ந்திருப்பது ஏறக்குறைய 10 பாகைதான், அதுதான் அதன் பலத்தின் உச்சம். அதற்கு மேல் சாயச் சாயப் பலம் குறைந்துகொண்டே போகும். கவிழ்ந்துவிட்டால் தலைகீழாகவும் அதே அகலத்தோடு உறுதியாக மிதக்கும், தானாக எழாது. ஒற்றை உடல் படகு எழும், ஆனால் ஓட்டை விழுந்து நீர் நிறைந்தால் அந்த ஈயமே அதை மூழ்கடித்துவிடும். கேட்டமரான் எழாது, ஆனால் பெரும்பாலும் மூழ்காது. எந்த ஆபத்தோடு வாழச் சம்மதம் என்று ஒவ்வொருவரும் தனக்குத்தானே பதில் சொல்லிக்கொள்ள வேண்டியதுதான், எல்லோருக்கும் பொருந்தும் விடை கிடையாது. 1989இல் நியூசிலாந்துக்கு அருகே ரோஸ் நோயல் என்ற மூன்று ஹல் படகு கவிழ்ந்தது. அதிலிருந்த 4 பேரும் தலைகீழாக மிதந்த படகிலேயே 119 நாட்கள் தாக்குப்பிடித்து, கிரேட் பேரியர் தீவில் உயிரோடு கரை ஒதுங்கினார்கள். கவிழ்ந்ததும் அந்தப் படகுதான், காப்பாற்றியதும் அதே படகுதான்.

இந்த அடிப்படையிலிருந்து முதல் விதி, அளவு. படகின் நீளம், அகலம், உயரம் எல்லாவற்றையும் இரு மடங்காக்கினால் பாயின் பரப்பு 4 மடங்காகும், காற்று தள்ளும் உயரம் 2 மடங்காகும், எனவே கவிழ்க்கும் விசை 8 மடங்கு. ஆனால் எடை 8 மடங்கு, அகலம் 2 மடங்கு, எனவே எதிர்த்து நிற்கும் பலம் 16 மடங்கு. பெரிய கேட்டமரான் சிறியதைவிடப் பாதுகாப்பாக இருப்பதற்கு இந்தக் கணக்குதான் காரணம். அலைக்கும் இப்படித்தான்: பக்கவாட்டில் வந்து உடையும் அலையின் உயரம் படகின் அகலத்தை நெருங்கும்போதுதான் கவிழும் பயம் நிஜமாகிறது என்று ஒரு நடைமுறைக் கணிப்பு உண்டு, 7 மீட்டர் அகலமுள்ள படகுக்கு அப்படி ஓர் அலை வருவது அரிது, 4 மீட்டர் அகலமுள்ள படகுக்கு அவ்வளவு அரிதில்லை. 30 அடிக்குக் கீழான கேட்டமரானில் மாகடல் தாண்டியவர்கள் இருக்கிறார்கள். ஜேம்ஸ் வாரம் என்ற ஆங்கிலேயர் 1950களில் 23 அடி 6 அங்குல நீளமே இருந்த தங்கரோவா என்ற படகில் இரண்டு ஜெர்மன் பெண்களோடு அட்லாண்டிக்கைக் கடந்தார். ஆனால் முதல் தடவை வாங்குகிற ஒரு தம்பதிக்கோ குடும்பத்துக்கோ நான் சொல்வது 38 முதல் 45 அடி வரை. அதற்குக் கீழே சுமையும் அலையும் சேர்ந்து நெருக்கும், அதற்கு மேலே பாயின் கனமும் துறைமுகக் கட்டணமும் இரண்டு பேரின் கைக்கு அடங்காது.

ஜேம்ஸ் வாரம் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்ல ஆசை. அவர் வடிவமைத்த படகுகளில் ஹல்லையும் குறுக்கு விட்டத்தையும் போல்ட் போட்டு இறுக்காமல் கயிற்றால் கட்டுவார்கள், அலையில் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கட்டும் என்று. வடிவம் பாலினேசியாவுடையது, ஆனால் 'கட்டு' என்ற சொல்லுக்கு இன்றும் நேர்ப்பொருளில் பொருந்துவது அந்தப் படகுகள்தான். கையில் பணம் குறைவு, கட்டும் பொறுமை நிறைய என்றால் இன்றைக்கும் அது ஒரு நல்ல வழி.

இப்போது எடைக்கு வருகிறேன். ஓர் எடுத்துக்காட்டு எடுத்துக்கொள்வோம்: கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கனரித் தீவுகளிலிருந்து கரீபியனுக்குப் போகிறார்கள். ஒவ்வொரு நவம்பரிலும் லாஸ் பால்மாஸிலிருந்து செயின்ட் லூசியாவுக்கு நூற்றுக்கணக்கான படகுகள் கூட்டமாகப் போகிற அதே வழி, ஏறக்குறைய 2,700 கடல் மைல். ஒரு நாளைக்கு 150 மைல் ஓடினால் 18 நாள். இதற்கு என்னென்ன ஏற்ற வேண்டும்? குடிநீர் 500 லிட்டர் என்றால் அதுவே 500 கிலோ. டீசல் 400 லிட்டர், சுமார் 340 கிலோ. நங்கூரச் சங்கிலி 80 மீட்டர், 10 மில்லிமீட்டர் கனத்தில், 180 கிலோ. கரைக்குப் போய்வரச் சின்ன டிங்கிப் படகும் அதன் எஞ்சினும் 150 கிலோ. உயிர்காக்கும் ராஃப்ட், பேட்டரி, சோலார் பலகை, உதிரிப் பாகங்கள், கருவிகள், ஒரு மாதச் சாப்பாடு, துணிமணி, பிள்ளைகளின் புத்தகம், அப்புறம் நான்கு மனிதர்கள். கூட்டிப் பாருங்கள், 2 டன்னைத் தாண்டும். இதில் ஆடம்பரம் என்று எதுவும் இல்லை.

40 அடிக் கேட்டமரான் ஒன்று ஒவ்வொரு 2 டன்னுக்கும் சுமார் 8, 9 சென்டிமீட்டர் தாழும். கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் கேட்டமரானின் வேகம் அதன் ஹல் ஒல்லியாக இருப்பதிலிருந்து வருகிறது. நீர்மட்டத்தில் நீளம் அகலத்தைப் போல 8 மடங்குக்கு மேல் இருந்தால் அலையைக் கிழித்துப் போகும், தாழத் தாழ அந்த ஒல்லி போய்விடும், பின்பக்கம் நீரை இழுத்துக்கொண்டு ஓடும். கனம் ஏறினால் கவிழ்வது கடினம்தானே என்று ஒருவர் கேட்கலாம், அந்தக் கணக்கில் உண்மையும் இருக்கிறது. ஆனால் எடை கூடிய படகு காற்றுக்கு விட்டுக்கொடுக்காததால் பாய்மரமும் அதைத் தாங்கும் கம்பிகளும் அந்த முழு விசையையும் தாங்க வேண்டும், அலையில் மெதுவாக எழும்புவதால் நீர் தளத்தின் மேலே ஏறும். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டியது வெற்றுப் படகின் எடையை மட்டும் அல்ல, அதிகபட்சச் சுமையோடு எத்தனை டன் என்பதையும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்குக் கிடைக்கும் சுமை. பழைய படகு என்றால் இன்னும் எளிது: அடியில் பூசிய வண்ணக் கோட்டுக்கு மேலே பாசி படிந்திருக்கிறதா, பின்பக்கப் படிக்கட்டு நீரில் மூழ்கிக் கிடக்கிறதா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அந்தப் படகு பல வருடங்களாகக் கூடுதல் சுமையோடு வாழ்ந்திருக்கிறது.

எடை ஏறும்போது முதலில் அடி வாங்குவது பிரிட்ஜ்டெக், அதாவது இரண்டு ஹல்லையும் இணைக்கும் நடுத்தளம். அதன் அடிப்பாகத்துக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே உள்ள உயரம் போதாவிட்டால் ஒவ்வொரு அலையும் கீழிருந்து வந்து அறையும். இந்தச் சத்தத்தை அனுபவிக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். நான் ஒரு தெரிந்தவரின் படகில் எதிர்க்காற்றில் ஒரே ஓர் இரவு போயிருக்கிறேன், நான் படுத்திருந்த இடத்துக்கு நேர் கீழே யாரோ சம்மட்டியால் அடிப்பதுபோல விடிய விடிய அடித்தது, தட்டில் இருந்த கரண்டி ஒவ்வொரு அடிக்கும் துள்ளியது. தூக்கம் போவது மட்டும் பிரச்சினை இல்லை, வருடக்கணக்கில் அடித்தால் உள்ளே தடுப்புச் சுவர்களின் ஒட்டு விட்டுப்போகும். 12 மீட்டர் படகுக்கு இந்த உயரம், முழுச் சுமை ஏற்றிய பிறகு, 70 சென்டிமீட்டர் அளவிலாவது இருந்தால் நிம்மதி. சந்தையில் உள்ள பல படகுகளில் அவ்வளவு இல்லை, உள்ளே நின்று நடக்க உயரம் வேண்டும், வெளியே பார்க்க அழகும் வேண்டும் என்பதால் அடியிலிருந்து திருடிவிடுகிறார்கள். இந்த ஓர் அளவை மட்டும் டேப் வைத்து நீங்களே அளந்து பாருங்கள்.

அடுத்தது, நீருக்கு அடியில் என்ன இருக்கிறது. சின்ன நிலையான கீலா (ஒற்றை உடல் படகின் கீல் போல இதில் ஈயக் கனம் இருக்காது), மேலே இழுத்து இறக்கும் டேகர்போர்டு என்ற பலகையா? படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க ஏதாவது ஒன்று வேண்டும். நிலையான கீல் எளிமையானது, சுக்கானுக்கும் புரொபெல்லருக்கும் கொஞ்சம் பாதுகாப்பு, தாழ்நீரில் மணலில் உட்காரவைத்து அடியைச் சுத்தம் செய்யலாம். ஆனால் எதிர்க்காற்றில் படகு நன்றாகவே நழுவும். டேகர்போர்டு ஆழமாக இறங்குவதால் காற்றை எதிர்த்து நெருக்கமாக ஏற முடியும், புயலில் அதை மேலே இழுத்துவிட்டால் அலை தள்ளும்போது படகு தடுக்கி விழாமல் பக்கமாக வழுக்கிப் போகும். பதிலுக்கு அறைக்குள் இடம் பிடிக்கும், எதிலாவது மோதினால் உடையும், ஒவ்வொரு தடவையும் ஏற்றி இறக்க ஒரு கை வேண்டும். எடுத்துக்காட்டுக்கு இரண்டு பிரெஞ்சுப் படகுகள்: லகூன் 42 சுமார் 12 டன், 7.7 மீட்டர் அகலம், நிலையான கீல். அவுட்ரமர் 45 அதைவிட நீளம், ஆனால் 9 டன்னுக்குள், டேகர்போர்டு. முதலாவது மிதக்கும் வீடு, இரண்டாவது ஓடுவதற்காகவே கட்டியது. மேலே சொன்ன குடும்பத்துக்கு எது? கனரியிலிருந்து கரீபியன் வரை வணிகக் காற்று பின்னாலிருந்தே வீசும், அங்கேயே சுற்றிவிட்டுப் படகை விற்கும் எண்ணம் என்றால் கீல் வைத்தது தாராளமாகப் போதும். திரும்பி ஐரோப்பாவுக்கு வர வேண்டும், இல்லை தீவுகளுக்கு இடையே காற்றை எதிர்த்து ஏறி இறங்க வேண்டும் என்றால் நான் ஒல்லியான படகுக்குக் கூடுதல் பணம் கொடுப்பேன், சோபாவைக் குறைத்துக்கொள்வேன்.

மூன்று ஹல் படகான டிரைமரான் பற்றிச் சுருக்கமாக. நடு ஹல் பெரியது, பக்கத்து இரண்டும் தாங்கிகள். எதிர்க்காற்றில் பொதுவாக இதன் நடை கேட்டமரானைவிட மென்மை. ஆனால் வாழும் இடம் குறைவு. லா ரோஷெல்லில் கட்டப்படும் நீல் படகுகளைப் போல நடுத்தளத்திலேயே வீடு அமைத்த டிரைமரான்களும் உண்டு. இரண்டு பேர் மட்டும் என்றால் கண்டிப்பாக ஒன்றை ஓட்டிப் பாருங்கள்.

சரி, பாய். இங்கேதான் ஒற்றை உடல் படகிலிருந்து வருகிறவர்கள் தவறு செய்கிறார்கள். காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 20 நாட் காற்று (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்) 28 நாட் ஆனால் விசை இரு மடங்கு. ஒற்றை உடல் படகு அப்போது சாய்ந்து, காற்றை வழியவிட்டு, 'பாயைச் சுருக்கு' என்று உடம்பாலேயே சொல்லிவிடும். கேட்டமரான் எதுவும் சொல்லாது, நேராகவே ஓடும், விசை முழுக்கப் பாய்மரத்தில் ஏறிக்கொண்டிருக்கும். அதனால் காற்றுமானியின் எண்ணைப் பார்த்துச் சுருக்க வேண்டும், இத்தனை நாட் காற்றில் முதல் சுருக்கு, இத்தனை நாட் காற்றில் இரண்டாவது என்று தயாரிப்பாளர் ஓர் அட்டவணை கொடுத்திருப்பார், அது இல்லாத படகை வாங்காதீர்கள். பின்காற்றில் இன்னும் ஏமாற்றும். 25 நாட் காற்றில் 9 நாட் வேகத்தில் ஓடும்போது தளத்தில் 16 நாட்தான் தெரியும், இதமாக இருக்கும், ஏதோ காரணத்துக்காகப் படகைக் காற்றின் பக்கம் திருப்பினால் ஒரே நொடியில் 25ஐத் தாண்டிவிடும். பெரும்பாலான கேட்டமரான்களில் பின்பக்கம் இழுத்துப் பிடிக்கும் கம்பி கிடையாது, பக்கத்துக் கம்பிகள் பின்னோக்கி இழுத்துக் கட்டியிருக்கும், பெரிய பாயை முழுக்கத் திறந்துவிட முயன்றால் அது அந்தக் கம்பியில் போய் ஒட்டிக்கொள்ளும். எனவே வாங்கும்போது பார்க்க வேண்டியது: ஒருவர் தனியாக, இரவில், சுக்கானை விட்டு அதிகம் நகராமல் பெரிய பாயைச் சுருக்க முடிகிறதா? முடியாது என்றால் எவ்வளவு அழகான படகானாலும் ஆழ்கடலுக்கு வேண்டாம்.

புயலுக்கும் முன்கூட்டியே இடம் வேண்டும். பின்பக்கம் ட்ரோக் என்ற இழுவைத் தடையையோ, முன்பக்கம், நம் மீனவர்கள் அணியம் என்பார்களே, அங்கே பாராஷூட் நங்கூரத்தையோ கட்ட, இரண்டு ஹல்லிலும் அந்த இழுவையைத் தாங்கும் உறுதியான பிடிமானம் இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் பிரித்துக் கட்டலாம் என்பது அகலமான படகின் பெரிய வசதி, அலைக்கு நேராகவே நிறுத்திவைக்கும். கவிழ்ந்தால் வெளியேற அவசரக் கதவு இருக்கிறதா, ராஃப்டைத் தலைகீழ் நிலையிலும் எடுக்க முடியுமா என்று விற்பவர் எதிரிலேயே கேளுங்கள், அவர் சங்கடப்பட்டாலும் பரவாயில்லை. ஐரோப்பிய விதிகளின்படி 'ஏ' வகைச் சான்று பெற்ற படகு, போஃபோர்ட் என்ற காற்று அளவுகோலில் 8க்கு மேற்பட்ட காற்றையும் 4 மீட்டருக்கு மேற்பட்ட அலையையும் எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டது. அது குறைந்தபட்சத் தகுதி மட்டுமே, அந்தத் தகட்டைக் காட்டி யாராவது பேச்சை முடிக்கப் பார்த்தால் விடாதீர்கள்.

பழைய படகு வாங்குகிறீர்கள் என்றால், சந்தைக்கு வருபவற்றில் நிறைய கரீபியனிலும் மத்தியதரைக் கடலிலும் வாடகைக்கு ஓடியவை. நான்கு அறை, நான்கு கழிவறை, எஞ்சின் மணிக்கணக்கு அதிகம், பாய் அதிகம் ஓடியிருக்காது. விலை குறைவு, அதனாலேயே மோசம் என்றில்லை. படகைச் சோதித்துச் சொல்லும் தனிப்பட்ட சர்வேயர் ஒருவரை, தரகர் சொல்லாத ஆளாக, நீங்களே பார்த்து அமர்த்துங்கள். நீர் புகுந்த தளம், சுக்கான் தாங்கிகள், பாய்மரக் கம்பிகளின் வயது எல்லாம் அவர் பார்ப்பார். படகை மேலே தூக்கும் கிரேன் உங்கள் பக்கத்தில் 7 மீட்டர் அகலத்துக்கு உண்டா என்பதை மட்டும் நீங்கள் விசாரித்து வையுங்கள், பல இடங்களில் இருக்காது.

கடைசியாக, சோதனை ஓட்டத்தைக் காற்று இல்லாத நாளில் ஒப்புக்கொள்ளாதீர்கள். 18, 20 நாட் காற்றும் கொஞ்சம் அலையும் உள்ள நாளுக்காக ஒரு வாரம் காத்திருங்கள், முடிந்தால் தண்ணீர்த் தொட்டி, டீசல் தொட்டி இரண்டையும் நிரப்பச் சொல்லுங்கள். எதிர்க்காற்றில் ஓடும்போது மேலே நிற்காமல் கீழே ஹல்லுக்குள் இறங்கி, ஒவ்வொரு அறைக் கதவையும் திறந்து மூடிப் பாருங்கள். கரையில் சுலபமாகத் திறந்த கதவு கடலில் சட்டத்தோடு இறுகி மாட்டிக்கொண்டால் படகின் உடம்பு முறுக்கிக்கொள்கிறது என்று பொருள். அந்தக் கதவு எது, எந்தப் பக்கத்து ஹல், காற்று எந்தப் பக்கம் என்று குறித்துக்கொண்டு வந்து சர்வேயரிடம் கொடுங்கள், அவர் முதலில் திறந்து பார்க்க வேண்டியது அந்த இடத்துத் தடுப்புச் சுவரைத்தான்.